பிள்ளை பள்ளிக்கூடம் வராதபோது: ஏற்காட்டு மலையிலும் சேலத்துத் தறித் தெருவிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர். ஏற்காடு ஒன்றியத்தில் ஒரு மலைக் கிராமத்தில் 9 வருஷம் வேலை பார்த்தேன். அதன் பிறகு 11 வருஷம் சேலம் மாநகரின் ஓரத்தில், ஒரு பக்கம் தறிச் சத்தமும் மறுபக்கம் கொலுசுப் பட்டறையுமாக இருக்கும் பகுதியில். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் கேட்பவை, புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள் ராத்திரி போன் போட்டுக் கேட்பவை என்று சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுதி வைத்தால் என் தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு.

எத்தனை நாள் வராவிட்டால் கவலைப்பட வேண்டும்?

மூன்றாவது நாள். 'லாங் ஆப்சென்ட்' பட்டியலில் பெயர் ஏறும்வரை காத்திருந்தால் அதற்குள் அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை, வேறு சேக்காளிகள், வேறு எழுந்திருக்கும் நேரம் எல்லாம் அமைந்துவிடும்.

இன்னொரு வகை நம் கண்ணிலேயே படுவதில்லை. தொடர்ந்து லீவு போடாமல் மாதம் இரண்டு நாள் மட்டும் காணாமல் போகிற பிள்ளை. கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள். மாதம் இரண்டு நாள் போனால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போச்சு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தப் பத்து சதவீதத்தைத்தான் கோடாகப் போட்டு, அதைத் தாண்டிய பிள்ளைகளைத் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். இங்கே அந்தப் பிள்ளையை "ஒழுங்கா வர்றான் சார்" என்று சொல்லிவிடுகிறோம்.

வருகைப் பதிவேட்டை நாம் எப்போதும் மேலிருந்து கீழே பார்க்கிறோம், இன்றைக்கு எத்தனை பேர் என்று. மாதக் கடைசியில் ஒருமுறை இடமிருந்து வலமாக, ஒரே பிள்ளையின் வரிசையை மட்டும் பாருங்கள். திங்கள்தோறும் ஓட்டை விழுகிறதா, சந்தை நாளிலா, கணக்குப் பரீட்சை அன்றா? எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறைச் செயலியில் தினம் வருகையை ஏற்றினாலும் இந்தப் பார்வை தானாக வந்துவிடாது.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை வாரத்தில் சேலத்தில் பாதி வகுப்பு காலியாக இருக்கும். அதற்காக யார் வீட்டுக்கும் ஓட வேண்டாம்.

மூன்றாவது நாள் யார் கூப்பிட வேண்டும்? என்ன கேட்க வேண்டும்?

அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர் கூப்பிட வேண்டும். தலைமையாசிரியர் போன் என்றாலே வீட்டில் பயம் வந்துவிடும். "ஏன் வரல?" என்று ஆரம்பித்தால் "காய்ச்சல் சார்" என்று பதில் தயாராக இருக்கும். நான் ஆரம்பிப்பது இப்படி: "கண்ணு, மூணு நாளா உன் இடம் காலியா இருக்கு. நீ வரைஞ்ச மேப்பை நேத்துத்தான் போர்டுல ஒட்டியிருக்கேன், பார்க்க நீ இல்ல." பொய் சொல்லக் கூடாது, மேப் நிஜமாகவே ஒட்டியிருக்க வேண்டும்.

மலையில் போன் பாதி நேரம் கிடைக்காது. அங்கே எனக்குக் கைகொடுத்தவர் பஸ் கண்டக்டர். எந்தப் பிள்ளை ஏறவில்லை என்று என் பதிவேட்டுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். "கடைசி ஸ்டாப் பாப்பா இன்னைக்கும் ஏறல சார், அவங்க பாட்டிக்கு முடியலையாம்" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போவார்.

வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது? பெற்றோர் கோபப்படுவார்களே?

கோபப்படுவார்கள், நாலு பேர் பதிவேட்டோடு போய் நின்றால். கந்துவட்டிக்காரர் வந்த மாதிரி இருக்கும். ஒருவரோ இருவரோ போங்கள். மலையில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் போவதுதான் சரி, அதற்கு முன் எஸ்டேட்டிலிருந்து யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள். கடுங்காப்பி கொடுத்தால் குடியுங்கள். சாதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எதையும் முதல் தடவை கேட்காதீர்கள். நமக்கு அது அவசரம், ஆனால் அந்த வீட்டில் இதற்கு முன்பு காகிதம் கேட்டு வந்தவர் யாரும் நல்லது சொன்னதில்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாரம் மூன்று நாள்தான் வந்தது. படிப்பில் ஈடுபாடு இல்லை என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். வீட்டுக்குப் போனபோது இடுப்பில் தம்பியோடு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தது. அவனுக்கு இரண்டு வயது இன்னும் ஆகவில்லை. அம்மாவுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை கிடைக்கும் நாளில் இவள் லீவு, கிடைக்காத நாளில் பள்ளிக்கூடம். கரும்பலகையில் பெயர் எழுதித் திட்டினால் இது தீருமா? அங்கன்வாடி அக்கா அதே ஊர்க்காரர். "கொண்டாந்து விடட்டும் சார், நான் பார்த்துக்கறேன்" என்றார். கணக்குப்படி வயது பத்தாது. அந்த அக்காவின் நல்ல மனசில் ஒரு பிள்ளை எட்டாவது முடித்தது. திட்டம் என்று எதையும் இதில் நான் பெருமையாகச் சொல்ல முடியாது.

தாமதமாக வருபவர்களை கேட்டுக்கு வெளியே நிறுத்தலாமா?

நிறுத்தினால் அவர்கள் மறுநாள் சீக்கிரம் வருவார்கள் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை, தாமதமானால் வராமலே இருந்துவிடலாம் என்றுதான் கற்றுக்கொள்கிறார்கள். மலைக் கிராமத்துக்குக் காலையில் ஒரு பஸ். அது பழுதானால், மூடுபனியில் மெதுவாக வந்தால், முப்பது பிள்ளைகள் ஒன்றாகத் தாமதம். டிரைவருக்குத் தண்டனை கொடுக்க முடியாததால் பிள்ளைகளை முட்டி போடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நாங்கள் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். தாமதமாக வருபவர் கேட்டில் யாரையும் பார்க்க வேண்டாம், நேரே வகுப்புக்குள் வந்து உட்காரலாம். என்ன ஆயிற்று என்பதை இடைவேளையில் நான் தனியாகக் கேட்பேன். தாமதம் மறைந்துவிடவில்லை. அரை நாள் லீவு மட்டும் குறைந்தது.

"அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்வதில் என்ன தப்பு?

நானே சொன்னேன், அதனால் தெரியும்.

நகரப் பகுதிப் பள்ளியில், எட்டாம் வகுப்புப் பையன். இன்னொருவனைத் தள்ளிவிட்டு அவனுக்கு உதடு கிழிந்துவிட்டது. "அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாஸ்" என்றேன். அவன் அப்பா லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வீடு திரும்ப இருபது நாள் ஆகும். அதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று நாள் பையோடு வந்து கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடை ஓரம் நின்றிருக்கிறான். கடைக்காரம்மா பிறகு சொன்னார். நாலாவது நாள் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பட்டறை வாசலில் பார்த்தேன். சாமணத்தால் வெள்ளி வளையத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "சார், டீ சொல்லட்டுமா?" என்றான். அவன் காசில். வகுப்பில் ஒருநாளும் அவ்வளவு நிமிர்ந்து நின்று அவன் என்னிடம் பேசியதில்லை.

14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம். பட்டறைக்காரரிடம் சொன்னேன், அவன் வீட்டில் சொன்னேன், எல்லாம் செய்தேன். அவன் திரும்பி வரவில்லை. பிறகு வேறு பிள்ளைகள் விஷயத்திலும் இதே ஒன்றைக் கவனித்தேன்: நாம் வெளியே அனுப்பும் அந்த மூன்று நான்கு நாளில்தான் பையன் முதல் கூலியை வாங்குகிறான். தறிக்குத் தார் (நூல்) சுற்றப் போகிறான், பட்டறையில் உட்காருகிறான், ஓட்டலில் கிளாஸ் கழுவுகிறான். சனிக்கிழமை அம்மா கையில் பணம் கொடுத்துவிட்டால் அவன் வீட்டில் பெரிய மனுஷன். திங்கட்கிழமை நம்மிடம் வந்து மறுபடி 'டேய்' ஆக அவனுக்கு ஏன் மனசு வரும்?

இப்போது நான் கேட்பது, "உங்க வீட்டுல யாருகிட்டப் பேசினா நல்லா இருக்கும்?" சில பிள்ளைகள் அம்மா என்பார்கள். ஒருவன் டெய்லர் கடை அண்ணன் என்றான். அவரிடம்தான் பேசினேன். பேசும்வரை பையன் வகுப்பில்தான் இருந்தான்.

அப்படியானால் அடாவடி செய்பவனை என்னதான் செய்வது? மற்ற பிள்ளைகள் பாவம் இல்லையா?

பாவம்தான். அன்பாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. உதடு கிழிந்தவனுக்கும் ஒரு அம்மா உண்டு, அவர் நம்மை வந்து கேட்பார். அடித்தவன் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், சரிசெய்ய வேண்டும், தேவையானால் சில நாள் வேறு வகுப்பில், வேறு ஆசிரியர் கண்ணெதிரே உட்கார வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள்.

இங்கிலாந்தில் தலைமையாசிரியர் ஒரு மாணவனை ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 நாள் வரை சட்டப்படியே இடைநீக்கம் செய்யலாம். அதற்குக் கடிதம், காரணம், மேல்முறையீடு என்று முறை இருக்கிறது. நம்மிடம் பெரும்பாலும் வாய்ச்சொல்தான். "நாளைக்கு வராதே" என்கிறோம், பதிவேட்டில் அது பையனின் ஆப்சென்ட்டாக ஏறுகிறது. வெளியே நிறுத்தியவர் நாம், வருகை குறைந்தவன் அவன்! குறைந்தபட்சம் அதையாவது நேர்மையாக எழுதுவோம்.

வேலைக்கு ஆன ஒரு வழி சொல்கிறேன். சண்டை நடந்த அன்று பேசாதீர்கள், மறுநாள் பேசுங்கள். மூன்று கேள்வி போதும்: என்ன நடந்தது, யாருக்கு என்ன ஆச்சு, இப்ப நீ என்ன பண்ணப்போற? மூன்றாவதற்கு அவனே பதில் சொல்லட்டும். ஒருவன், தான் அடித்த பையனின் கிழிந்த சட்டையைத் தன் அக்காவிடம் தைத்து வாங்கி வந்து கொடுத்தான். நான் தண்டனை கொடுத்திருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது.

டி.சி. கொடுத்து அனுப்ப சட்டத்தில் இடம் இருக்கிறதா?

எட்டாம் வகுப்பு முடியும்வரை இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தம் 5, 8 வகுப்புகளில் பெயிலானவரை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதைப் பற்றியது, வெளியேற்றத் தடையை அது தொடவில்லை. 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனதளவில் வதைப்பதையும் தடுக்கிறது. "நீங்களே டி.சி. வாங்கிக்கற மாதிரி எழுதிக் குடுத்துடுங்க" என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது குறுக்கு வழி, வேறொன்றும் இல்லை.

வேறு பள்ளியில் சேரப் போகும்போது டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி இடம் மறுக்கக் கூடாது (5-ஆம் பிரிவு). வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது (14-ஆம் பிரிவு). நின்றுபோன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைச் சிறப்புப் பயிற்சியில் ஈடுகட்ட வேண்டும் (4-ஆம் பிரிவு). பன்னிரண்டு வயசுப் பையனை மூன்றாம் வகுப்பில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

தனியார் பள்ளியில் பீஸ் பாக்கி என்று வெளியே நிறுத்துகிறார்களே?

பாக்கியைப் பெற்றோரிடம் கேட்கட்டும், பிள்ளையை நிறுத்த வேண்டாம். டி.சி. என்பது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி பற்றி எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில்தான் நிறையப் பேர் நிற்கிறார்கள். ஏன்?

எட்டுவரை தள்ளிக்கொண்டு வந்தோம், ஒன்பதில் திடீரென்று கணக்குப் பார்க்கிறோம். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பள்ளிக்கு ரிசல்ட் கவலை. வாசிக்கத் திணறும் பிள்ளையைப் பார்த்து, "இவன் பத்துக்குப் போனா நம்ம சதவீதம் என்ன ஆகும்?" என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழும். அந்தப் பேச்சு பிள்ளையின் காதில் விழாது என்று நினைக்காதீர்கள். 14 வயதோடு கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் முடிகிறது. மலையில் பல ஊர்களில் எட்டாம் வகுப்போடு உள்ளூர்ப் பள்ளியும் முடிகிறது. புதுப் பள்ளி, புது ஆசிரியர்கள், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே ஜூன் மாதத்தில்.

இதற்கு நாங்கள் கண்டது ரொம்ப எளிது. மே மாதமே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு ஒருநாள் கூட்டிப்போனோம். அங்கே ஒரு ஆசிரியரிடம் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி ஒப்படைத்தோம். "இவளுக்குப் பாட்டு வரும், இவனுக்குக் கூட்டல் வரும் வகுத்தல் வராது, இவனுக்கு அப்பா இல்ல, அதைப் பத்திக் கேக்காதீங்க." டி.சி.யில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

காப்பி சீசனில் வகுப்பே காலி. என்ன செய்ய?

நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கி பிப்ரவரி வரை போகும், பின்னாலேயே மிளகு. நடுவில் அரையாண்டுத் தேர்வு, முடிவில் ஆண்டுத் தேர்வு. காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் 1820 வாக்கில் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தபோது பள்ளி நாட்காட்டியை யோசித்திருக்க நியாயமில்லை. நாம்தான் யோசிக்க வேண்டும். கூலி கிலோக் கணக்கில் என்பதால் சின்னக் கையும் கூடை நிரப்பும்.

"கூலிக்கு அனுப்பாதீங்க" என்று நவம்பரில் போய்ச் சொன்னால் காதில் ஏறாது. அக்டோபரிலேயே ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து, யார் வீட்டில் யார் போகிறார்கள், பிள்ளை யாரிடம் இருக்கும் என்று கேட்டுவிட வேண்டும். குடும்பத்தோடு வெளியூர் எஸ்டேட்டுக்கோ செங்கல் சூளைக்கோ போகிறவர்களுக்கு இரண்டு வழி. பாட்டி வீட்டில் நிறுத்தலாம் அல்லது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கலாம். பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளிகளும் உண்டு. ஆனால் விடுதியில் விட்டுவிட்டு யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை திரும்பாது. வாரம் ஒரு போன், அம்மாவிடமிருந்து. அதற்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுத்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

காலை உணவு, சைக்கிள், உதவித்தொகை எல்லாம் இருக்கும்போது ஏன் வருவதில்லை?

அவை இல்லாவிட்டால் இன்னும் குறைவாக வருவார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் மலையில் என்ன செய்தது என்பதைக் காலை வேளையில் போய்ப் பார்த்தால் தெரியும். பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆனால் ஏழாவதில் நின்றவனுக்குக் கல்லூரி எட்டாத தூரம். பிளஸ் ஒன் சைக்கிளைப் பற்றி மட்டும் ஒரு சொல்: இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலையில் அதை இறங்கும்போது ஓட்டலாம், ஏறும்போது தள்ளலாம்.

சோறும் பணமும் கேட்வரை கொண்டுவந்து விடும். உள்ளே தன்னைத் தேடும் ஆள் ஒருவராவது இருந்தால்தான் பிள்ளை தங்கும்.

45 பிள்ளைகளுக்கு நடுவே ஒவ்வொருவரிடமும் ஒட்டுதல் வைக்க நேரம் எங்கே?

எல்லோரிடமும் முடியாது, வேண்டியதும் இல்லை. ஒருமுறை ஆசிரியர் அறையில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஒரு சார்ட்டில் எழுதி மாட்டினோம். மதிப்பெண் தவிர வேறு ஏதாவது ஒன்று தெரிந்தால் அந்தப் பெயருக்கு எதிரே எழுத வேண்டும். கபடி ஆடுவான், அக்காவுக்குக் கல்யாணம், கோழி வளர்க்கிறாள் என்று எது வேண்டுமானாலும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சில பெயர்களுக்கு எதிரே பத்து வரி, சில பெயர்களுக்கு எதிரே வெறும் காகிதம். அந்த வெற்றுப் பெயர்களையும் வருகை குறைந்தோர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதன் பிறகு ஆளுக்கு நாலு பெயர் பிரித்துக்கொண்டோம். தினம் இரண்டு நிமிஷம், பாடம் பற்றி அல்லாமல் ஏதாவது பேச்சு. சத்துணவு அமைப்பாளர் அம்மாவும் இரண்டு பெயர் கேட்டு வாங்கிக்கொண்டார். யார் தட்டில் சோறு மீதம் வைக்கிறார்கள், யார் இரண்டாவது தடவை வருகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

பள்ளி மேலாண்மைக் குழு என்ன செய்யலாம்?

சட்டப்படி உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கட்டடம், கழிப்பறை பற்றிப் பேசி முடித்த பிறகு பத்து நிமிஷம் வராத பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். பெயர்ப் பட்டியலைக் கூட்டத்தில் உரக்கப் படிக்காதீர்கள். அந்தத் தாய் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். பஸ் நேரம் மாற்ற மனு கொடுப்பதை ஆசிரியரைவிடப் பெற்றோர் செய்தால் வேலை நடக்கும்.

காரணமே சொல்லாமல் வர மறுக்கிறாள். என்ன செய்வது?

காரணம் இல்லாமல் இருக்காது. பெரிய பெண்ணாகியிருக்கலாம், கழிப்பறையில் தண்ணீர் வராமல் இருக்கலாம். புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது, அதைக் கேட்டு வாங்க ஒரு டீச்சர் வேண்டும், ஆண் ஆசிரியரின் மேஜை அலமாரியில் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிறதோ என்றும் விசாரியுங்கள். வழியிலோ பள்ளியிலோ யாராவது தொந்தரவு கொடுத்தால், பிள்ளையை நம்புங்கள், திரும்பத் திரும்பக் கேட்டு வதைக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். பாலியல் தொந்தரவு என்று தெரிந்தும் மறைப்பது போக்சோ சட்டப்படி குற்றம், மறைத்தவர் ஆசிரியரானாலும். மற்றக் கல்விச் சந்தேகங்களுக்கு உதவி எண் 14417.

ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வரும் பிள்ளையை எப்படி நடத்துவது?

"வாங்க கலெக்டர் சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று வகுப்பில் யாரும் சொல்லிவிடக் கூடாது. முக்கியமாக நாம் சொல்லக் கூடாது. நாமும் நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொல்கிறோம்.

முந்தின நாளே தெரிந்தால் இரண்டு வேலை. அவன் பழைய இடத்தை அவனுக்கே விடுங்கள். பக்கத்துப் பையனிடம் நோட்டை நகல் எடுத்து வையுங்கள், ஆனால் முதல் நாளே நாற்பது பக்கம் எழுதச் சொல்லாதீர்கள். முதல் பாடவேளையில் அவனுக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். பட்டறையில் இருந்தவனிடம் கிராமும் மில்லிகிராமும் கேட்டால் வகுப்பில் முதலில் அவன்தான் சொல்வான்.

பிறகு மதியம், சாப்பாட்டு வரிசையில் அவன் யாரோடு நிற்கிறான் என்று தூரத்திலிருந்து பாருங்கள். தனியாக நின்றால், சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன் அவன் ஊர்ப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில அவன் வீட்டு வழியா வா" என்று சொல்லி அனுப்புங்கள்.